என் கைகளைக் கட்டிய துண்டு

என் மகள் கோமளாவுக்கு அப்போது எட்டு மாதம். கிலுகிலுப்பையை அவளுடைய இடது பக்கம் நீட்டினேன். வலது கை குறுக்கே வந்து பிடுங்கிக்கொண்டது. இடது கை மார்போடு ஒட்டிக்கொண்டு, கட்டைவிரலை உள்ளே வைத்து மூடியபடி அப்படியே கிடந்தது. முதல் அறிகுறி அதுதான். வீட்டில் அதை முதலில் கண்டுபிடித்தவன் நான் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நான் கையால் மேலே வந்தவன். மாகறல் கிராமத்தில் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பெரிய காஞ்சிபுரத்துக்கு வந்து பட்டுத்தறிகளுக்கு இழை பிணைக்கக் கற்றுக்கொண்டேன். தறியில் முடிந்த பாவின் (நீளவாக்கில் ஓடும் இழைகளின்) நுனியோடு புதுப் பாவின் நுனியை ஒவ்வோர் இழையாக முறுக்கிச் சேர்க்கும் வேலை. இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தேனென்றால் என் வேகத்துக்கு இந்த ஊரில் ஆள் கிடையாது. இன்று ஆறு தறி எனக்குச் சொந்தம். ஒருவரும் தூக்கிவிடவில்லை. அந்த வேலையில் இடது கை பிடிக்கும், வலது கை முறுக்கும். பிடிக்கிற கை இல்லையென்றால் முறுக்குகிற கை சும்மாதான் இருக்க வேண்டும்.

இது புரியாத சொந்தக்காரர்கள் வந்து வந்து ஒரே பேச்சைப் பேசினார்கள். "இடது கைதானேப்பா? சாப்புடற கை நல்லா இருக்குதில்ல, வுடு." உங்கள் வீட்டுக்கும் வருவார்கள். பதில் சொல்லி வாயை நோகடித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு மண்டலம் எண்ணெய் தேய்த்தோம். கை வழுக்கியதுதான் மிச்சம். வேண்டுதல்களுக்கும் குறைவில்லை. கடைசியில் அவளுடைய ஐந்தாவது வயதில் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் பார்த்துவிட்டு, மூளை வாதம் என்றார் (பிறக்கும் சமயத்தில் மூளைக்கு ஏற்பட்ட சேதத்தால் தசைகள் சொன்னபடி கேட்காமல் போவது). கையில் கோளாறு இல்லையாம், கைக்கு உத்தரவு போடுகிற இடத்தில்தான் கோளாறாம். மருந்து என்ன என்று கேட்டேன். மருந்து இல்லை, பழக்க வேண்டும் என்றார். இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் பஸ்ஸில் இடிபட்டு வந்தோம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிசியோதெரபி (உடலை அசைத்துப் பழக்கும் சிகிச்சை) சொல்லிக்கொடுத்தவர் ரோஸி அம்மா. சின்ன உருவம், சத்தமே வராத பேச்சு. சுருட்டிய மெத்தை மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு, இடது உள்ளங்கையைத் தரையில் ஊன்ற வைப்பார். உடம்பின் பாரம் இறங்க இறங்க, மூடிய விரல்கள் கொஞ்சம் தளரும். பிறகு காலிச் சொம்பை இரண்டு கையாலும் தூக்கச் சொல்வார். தினம் ஒரு மணி நேரம் வீட்டிலும் செய்ய வேண்டும். மாதம் ஒரு முறை வந்து காட்ட வேண்டும்.

இதற்கிடையில் பள்ளிக்கூடத்தில் பேசப் போனேன். பெரிய டீச்சர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஜூன்ல சேர்த்துக்கறேன். ஆனா டிபன் டப்பாவை அவளே தெறந்து சாப்பிடணும். இங்க தெறந்து குடுக்க ஆள் கிடையாது. முடியலைன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்."

அந்த அடுத்த வருஷம் வரவே வராது என்று எனக்குத் தெரியும். டப்பா திறந்தால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் வீடு. என்னைப் போல் மூன்றாவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை, இவளுக்கு ஒன்றாவதே கிடையாது.

அலுமினிய டப்பா ஒன்று வாங்கினேன். இடது கை டப்பாவைப் பிடிக்க வேண்டும், வலது கை மூடியை இழுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கு ஒரு நாழிகை ஆனது. கை பாதி தூரம் வரும், நிற்கும், திரும்பிப் போகும். நான் "பிடி, பிடி" என்று கத்துவேன். கத்தினால் தசை இன்னும் இறுகும் என்று ரோஸி அம்மா சொல்லியிருந்தார். சொன்னால் ஆயிற்றா? கண் எதிரே ஒரு கை திணறும்போது என் கை எப்படிச் சும்மா இருக்கும்? அவள் முழங்கையைத் தள்ளிவிடுவேன், விரலைப் பிரித்துவிடுவேன். டப்பா திறந்துவிடும். அன்றைக்கு வேலை முடிந்தது என்று எழுந்துபோவேன்.

மூன்றாம் மாதம் காட்டப் போனபோது அவள் பின்னால் நின்றுகொண்டு, யாருக்கும் தெரியாமல் முழங்கையை இரண்டு விரலால் தாங்கினேன். டப்பா திறந்தது. பார்த்தீர்களா என்று நிமிர்ந்தேன்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் ரோஸி அம்மா.

தள்ளி நின்றேன். கை பொத்தென்று மடியில் விழுந்தது.

"மூணு மாசமா நான் பார்த்தது உங்க கையைத்தான். உங்க பொண்ணு கையை இன்னும் நான் பார்க்கவே இல்லை."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் என் தோளிலிருந்த துண்டை எடுத்து, என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டினார். "வீட்டுலயும் இப்படித்தான். இந்தக் கைங்கதான் அவளைத் தடுக்குது." ஊரே மெச்சுகிற கையைப் பார்த்து ஒருத்தி இப்படிச் சொன்னால் யாருக்குக் கோபம் வராது? கட்டை அவிழ்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை என் மனைவி தனத்திடம் துண்டை நீட்டினேன். அவள் ரொம்ப ஆசையாகவே இறுக்கிக் கட்டினாள். அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. மூக்கில் ஈ உட்காரும். முதுகு அரிக்கும். பக்கத்து வீட்டு வரதன் எட்டிப் பார்த்து, "இன்னாபா, போலீசு புடிச்சிக்கினு வந்து வுட்டுட்டுப் போச்சா?" என்பான். எதிரே என் மகளின் கை, வந்து வந்து திரும்பிப் போகும்.

பார்க்கத்தான் முடிந்தது. பார்த்ததில் ஒன்று தெரிந்தது. அவள் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இடது கை வராது. இடது கையைப் பார்த்தால் மெல்ல வரும். நான் பிடித்துத் தள்ளியபோதெல்லாம் அவள் என் முகத்தைத்தான் பார்த்திருக்கிறாள்.

மே மாதம் ஒரு நாள், மணிக்கட்டால் டப்பாவை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். விரல் பாதிதான் விரிந்திருந்தது. மூடி கழன்று உருண்டு போயிற்று. "நைனா, நீ ஒண்ணும் பண்ணலையே?" என்று கேட்டாள். திரும்பி உட்கார்ந்து, துண்டால் கட்டிய கைகளைக் காட்டினேன்.

ஜூனில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்றேன். டப்பா வயிற்றோடு ஒட்டி இருந்தது. கை வந்தது, நின்றது. பக்கத்துப் பெண் கை நீட்டினாள். "தொடாத, எனக்குத் தெரியும்" என்றாள் கோமளா. ஐயோ, அது அப்படியே என் குரல். திறந்ததும் சாம்பார் சாதம் பாவாடையில் பாதி கொட்டியது. நாலு வாய் சாப்பிடுவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். அந்த மணியை அடித்தவரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம் போல இருந்தது.

குணமாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். ஓடினால் அந்தக் கட்டைவிரல் இன்றும் உள்ளே போய்விடுகிறது. இப்போது சட்டைப் பொத்தானைப் போடுவதில் வந்து நிற்கிறோம். தினமும் காலையில் அவள் பொத்தானோடு போராடுவாள். கதவருகே நான் நிற்பேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும், தனம் கத்துவாள், தறிக்காரர்கள் வாசலில் காத்திருப்பார்கள். இப்போது துண்டு தோளிலேயே கிடக்கிறது. என் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. வலது கை துடிக்கிறது. இடது கை அதை விடுவதில்லை.