புளியமரம் வரைக்கும் கார்

எங்கள் கம்பெனியின் கார் நிறுத்துமிடத்தில் பாதியை எடுத்துவிட்டு மரக்கன்று நடலாம் என்று யோசனை சொன்ன மகான் நான்தான். பசுமைக் குழுத் தலைவர் பதவியை யாரும் கேட்காததால் அது என் தலையில் விழுந்திருந்தது. "இனி எல்லாரும் கம்பெனி பஸ்ஸிலேயே வருவோம்" என்று கூட்டத்தில் முழங்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள், ஒருவரைத் தவிர. அவர் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் மூத்தவர், முழங்கால் தேய்ந்தவர். அவருடைய கார் நின்ற இடத்தில்தான் முதல் குழி வெட்டினோம். மறுநாளிலிருந்து அவர் பஸ் படியில் ஒவ்வொரு காலாக ஏறி வரத் தொடங்கினார்.

எனக்கும் பஸ்தான். ஆனால் அது ஓசூரில் என் தெருமுனைக்கு ஏழு பத்துக்கே வந்துவிடும். பிறகு ஊரிலுள்ள ஒவ்வொரு நகரையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் சூளகிரிச் சாலையைப் பிடிக்கும். நான் ஏழே முக்கால் வரை தூங்குவேன். பிறகு காரில் ஏசியைப் போட்டு விரட்டிக்கொண்டு போய், கம்பெனிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், டீக்கடைப் புளியமரத்தடியில் காரை நிறுத்துவேன். பஸ் வரும். ஏறுவேன். கம்பெனி வாசலில், எல்லோரும் பார்க்க, துணிப்பையோடு இறங்குவேன். அந்தப் பக்கம்தான் எனக்கு வீடு என்று பஸ்ஸிலிருந்தவர்கள் நம்பினார்கள். நானும் திருத்தவில்லை. இப்படியே மாதத்தின் பசுமை ஊழியராகி, அறிவிப்புப் பலகையில் படமாகவும் தொங்கினேன்.

டீக்கடை அக்காவுக்கு மட்டும் விஷயம் தெரியும். "ஏன் சார், இவ்ளோ தூரம் வந்த காரு அந்தாண்ட கொஞ்சம் தூரம் போவாதா?" என்பார்.

"சுற்றுச்சூழல்க்கா."

"ஓ, அது அந்தாண்டதான் இருக்குதா!"

ஒரு நாள் பஸ் புளியமரத்தடிக்கு வந்து, ஒரு தடவை குலுங்கி, நின்றேவிட்டது. டிரைவர் அடியில் புகுந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எல்லோரும் இறங்கி டீ சொன்னார்கள். மற்றவர்கள் நடக்கலாம். முழங்கால்காரர் சாலையைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டே சத்தமாகச் சொன்னார்: "சார், டெய்லி நிறுத்தற உங்க காரு சும்மாதானே நிக்குது? பாவம், அந்த சாரை இட்னு போங்களேன்!"

அத்தனை டீ கிளாஸும் பாதி வழியில் நின்றன. நாற்பது பேர் ஒரு வெள்ளைக் காரைப் பார்த்தார்கள். பின் கண்ணாடியில் 'மரம் வளர்ப்போம்' என்று நானே ஒட்டிய ஸ்டிக்கர் பளிச்சென்றிருந்தது.

முழங்கால்காரர் முன் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தார். ஏசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "நல்லா ஜில்லுனு இருக்கு சார்" என்றார். நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

வாசலில் செக்யூரிட்டி காரை மறித்தார். "இடம் இல்ல சார். நீங்கதானே செடி வெக்கச் சொன்னீங்க?"

எட்டிப் பார்த்தேன். அவருடைய பழைய இடத்தில் என் மரக்கன்று ஒரு குச்சியாக நின்றிருந்தது. நட்ட அன்று படம் எடுத்ததோடு சரி, நான் தண்ணீர் ஊற்றவில்லை. அவரை இறக்கிவிட்டு, காரைத் திருப்பிப் புளியமரத்தடியிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். பசுமைக் குழுத் தலைவர் சுற்றுச்சூழலுக்காகச் செலவழித்த முதல் வியர்வை அதுதான்.

அன்று மாலையே அவருடைய இடத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி எழுதிக் கொடுக்க உட்கார்ந்தேன். எழுதினால் என் படத்தைக் கழற்றிவிடுவார்களே என்று பேனா யோசித்தது. அதற்குள் அவரே போன் செய்தார்.

"சார், உங்க வீடும் ஓசூர்லதான்னு டீக்கடை அக்கா சொன்னாங்க. நாளைக்கு எட்டு மணிக்கு உங்க வீட்டாண்ட வந்துடறேன். புளியமரம் வரைக்கும் விட்டா போதும். அப்பறம் பஸ்ல ஏறிக்கலாம். யார் கேட்டாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அந்தக் காகிதத்தை மடித்து மேசைக்குள் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பஸ்ஸிலிருந்த மற்றவர்களும் நிர்வாகத்திடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏன் என்பது அடுத்த வாரம் புரிந்தது. புளியமரத்தடியில் என் காருக்கு முன்பே நாலு கார்கள் நின்றிருந்தன. என் குழுவின் யோசனை ஒன்று முதன்முதலாக மக்களிடம் பரவியிருந்தது.

அக்கா டீயை நீட்டினார். "சார், நீங்கதானே மரம் நடற ஆளு? இங்க ரெண்டு நட்டு வுடுங்க. எல்லா காருக்கும் நெழல் பத்தல."