வீட்டுக் கடனுக்கு விசாரிக்க வந்தவர்

அந்த ஆள் எங்களிடம் ஒரு பைசா கேட்கவில்லை. எனக்கு வந்த முதல் சந்தேகமே அதுதான்.

விருதுநகரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அவருக்குச் சின்ன அறை இருந்தது. கதவில் ‘வீட்டுக் கடன் ஆலோசகர்’ என்று ஒட்டியிருந்தார். உள்ளே நுழைந்ததும் கலர் வாங்கிக் கொடுத்தார். என் மனைவி குடித்தாள். நான் தொடவில்லை.

“உங்களுக்கு நாங்க என்ன தரணும்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. பேங்க்ல எனக்குக் கமிஷன் குடுத்துருவாக.”

“அப்போ நீங்க யாரு ஆளு? எங்க ஆளா, பேங்க் ஆளா?”

அவர் சிரித்தார்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒருமுறை மதுரை பஸ் ஸ்டாண்டில் ஒருவர் பரோட்டா வாங்கிக் கொடுத்து அன்பாகப் பேசினார். அடுத்த மழைக்காலம் வரை ஆந்திராவில் ஒரு செங்கல் சூளையில் கிடந்தேன். அதன்பிறகு லாரி கிளீனர், கோயம்புத்தூரில் ஓட்டல் வேலை என்று ஓடி, கடைசியில் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஓட்ட வந்தேன். சும்மா வாங்கிக் கொடுப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

வீடு வாங்க வேண்டும் என்றது என் மனைவி. அவள் வீட்டில் வைத்துச் சரம் பின்னுவாள். பட்டாசுகளைத் திரியோடு திரி சேர்த்துச் சரவெடியாகக் கட்டும் வேலை. கம்பெனிக்கு வெளியே செய்யக் கூடாதது. எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் செய்தார்கள். வீட்டுக்காரருக்கும் தெரியும். “போலீஸ் வந்தா எனக்குல்ல கெட்ட பேரு?” என்று சொல்லிச் சொல்லியே வாடகையை ஏற்றுவார். இன்னொரு வீட்டுக்குப் போனால் அங்கேயும் இதே பாட்டு. நமக்கென்று ஒரு கதவு வேண்டும் என்பாள்.

ஆமத்தூரில் ஒரு வீடு விலைக்கு வந்தது. இரண்டு அறை, தண்ணீர்க் குழாய், பின்னால் கொஞ்சம் இடம். விற்பவர் ரிட்டயர் ஆன வாத்தியார், மகளோடு போய் இருக்கப்போகிறவர். எங்கள் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, “மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குள்ள பத்திரம் முடிச்சிருங்க. அதுக்கு மேல என்னால நிக்க முடியாது” என்றார்.

ஆலோசகர் பாரங்களை நீட்டினார். பாதி கட்டங்கள் காலியாக இருந்தன. “கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, நான் எழுதிக்கிடுதேன்” என்றார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எழுதி, வாசித்துக் காட்டினால்தான் கையெழுத்து என்றேன். மத்தியானம் முழுவதும் எழுதினார். வாசிக்கும்போது பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வதுபோல ஓட்டினார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

கிளம்பும்போது, “வீட்டுக்கு ஒரு ஆளு வருவாரு, விசாரிக்க” என்றார்.

வெளியே வந்ததும் மனைவியிடம் சொன்னேன்: “எவன் வந்தாலும் ஒண்ணும் குடுக்காத. எதுலயும் கையெழுத்துப் போடாத.”

விசாரிக்க ஆள் வந்த அன்று நான் லோடு எடுத்துக்கொண்டு தூத்துக்குடி போயிருந்தேன். ராத்திரி வேனைக் கம்பெனியில் விட்டுவிட்டு, பஸ் இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது பக்கத்து வீட்டு மதினி வாசலிலேயே நின்றாள்.

“கொழுந்தனாரே, இன்னைக்கு நான் மட்டும் இல்லேன்னா உம்ம பாடு கந்தல்தான்.”

“என்ன மதினி?”

“ஒருத்தன் வந்தான். ஷூவும் பைலுமா. உம்ம பேரைச் சொல்லி, இந்தத் தெருவுலதான் இருக்காரான்னு கேக்கான். விடுவேனா? அப்படி ஒரு ஆளே இங்கன கிடையாதுன்னுட்டேன். அவன் விடலை. எங்கயும் வேலைக்குப் போறாரான்னான். முன்னால ஒரு வேலைவெட்டி இல்லாத மனுசன் இருந்தாரு, அவரும் கேரளாவுக்கு ஓடிட்டாருன்னேன்.”

எங்கள் தெருவின் வழக்கம் அது. பைலோடு யாராவது வந்தால் குழாயடியில் நிற்கிறவள் குடத்தைத் தட்டுவாள். சத்தம் கேட்டதும் சரமெல்லாம் கட்டிலுக்கு அடியில் போகும். யாரைப் பற்றிக் கேட்டாலும் அந்த ஆள் ஊரில் இல்லை. எந்த அதிகாரிக்கும் இதுதான் பதில். இதனால் பல பேர் தப்பித்திருக்கிறோம். நான் மதினிக்கு நன்றி சொல்லி, மறுநாள் சாத்தூரில் காராச்சேவும் வாங்கி வந்து கொடுத்தேன்.

அதே வாரம் ஆலோசகர் கம்பெனி வாசலுக்கு வந்து நின்றார். முகம் கறுத்திருந்தது.

“அண்ணாச்சி, நீங்க உங்க தெருவுலயே இல்லையாமே? கேரளாவுக்கு ஓடிட்டீகளாமே?”

வந்தது பேங்க் ஆள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் கத்தினேன்.

“குடம் தட்டுச்சு, கதவை அடைச்சேன்” என்றாள். “ஒரு ஆளு வருவாருன்னுதான் சொன்னீக. ஷூ போட்டு வருவாருன்னு சொன்னீகளா?”

இன்னொரு தடவை அனுப்பச் சொல்லி ஆலோசகர் பேங்கில் கெஞ்சினார். இப்போது தெருவை வழிக்குக் கொண்டுவர வேண்டும். மதினியிடம் போனேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“உம்மைய மிரட்டி அனுப்பியிருக்கானா?”

“இல்ல மதினி. வீட்டுக் கடன். நெசமாவே பேங்க் ஆளுதான்.”

“அப்படித்தான் சொல்லுவான். கடன் குடுக்கிறவன் எதுக்குத் தெருவுல வந்து நாலு பேருகிட்ட மானத்தை வாங்குதான்?”

எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. ஆனாலும் கெஞ்சினேன். கடைசியில் இறங்கி வந்தாள்.

“சரி, என்ன சொல்லணும்?”

“உள்ளதச் சொல்லுங்க.”

“உள்ளதுன்னா எம்புட்டு உள்ளது?”

“சரத்தைப் பத்தி மட்டும் பேசாதீக. மிச்சமெல்லாம் சொல்லுங்க.”

இந்தத் தடவை நானும் வீட்டில் இருந்தேன். வந்தவர் என்னை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு மதினியிடம் போனார். ஜன்னல் ஓரமாக நின்று கேட்டேன். மதினி அருமையாகச் சொன்னாள். ஆமாம், இங்கேதான் இருக்கிறார். வேன் ஓட்டுகிறார். குடிப்பழக்கம் இல்லை. வாடகை பாக்கி வைத்தது கிடையாது.

“அவரு சம்சாரம் தையல் வேலை பாக்காகல்ல?” என்றார் வந்தவர்.

“தையலா? அவளா?” மதினி விழுந்து விழுந்து சிரித்தாள். “அவுக சட்டைக்குப் பொத்தான் அந்துபோனா நாந்தான தச்சுக் குடுக்கேன்! அவ சும்மா வீட்ல இருக்கா.”

வந்தவர் உள்ளே வந்து தையல் மிஷின் எங்கே என்று கேட்டார். நாங்கள் விழித்தோம்.

மறுநாளே மனைவியைக் கூட்டிக்கொண்டு மாடி அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். ஆலோசகர் அசரவில்லை. “உங்க சம்பளம் மட்டும் பத்தாது அண்ணாச்சி. அவுக வருமானமும் வேணும். சரம்னு எழுத முடியுமா? அதான் தையல்னு போட்டேன். வாசிச்சுத்தான காட்டுனேன்?”

வாசித்தாரா என்று எனக்கு நிச்சயமில்லை. அந்த ஓட்டத்தில் காதில் விழாமல் போயிருக்கலாம். அந்த வரியை விட்டுவிட்டு வாசித்திருக்கவும் செய்யலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது.

“இந்த பேங்க் இனிமே குடுக்காது. வேற பேங்க்ல போடுவோம். அங்க மாவு அரைச்சு விக்காகன்னு போட்டா ஆச்சு” என்றார்.

“இவுக எழுதுததுக்கெல்லாம் நான் மாறிக்கிட்டே இருக்கணுமா?” என்றாள் மனைவி. “உள்ளதுக்கு என்ன கிடைக்குமோ அதை வாங்குங்க.”

வேறு பேங்கில் என் சம்பளத்துக்கு மட்டும் கடன் வந்தது. ஆமத்தூர் வீட்டுக்கு அது எட்டவில்லை. பங்குனிப் பொங்கல் முடிந்ததும் வாத்தியார் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, வீட்டை வேறு ஆளுக்குக் கிரயம் செய்தார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் மல்லாங்கிணறு பக்கம் பூச்சு வேலை முடியாத ஓர் ஒற்றை அறை வீட்டைப் பேசினோம். வாசலுக்குக் கதவு இருந்தது. ஜன்னலுக்கு இல்லை.

பேங்கில் கடைசிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆலோசகரும் வந்திருந்தார். நான் ஒவ்வொரு தாளையும் எழுத்துக்கூட்டி வாசித்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போடுமுன் அவள் தன் பெயருக்குப் பக்கத்தில் விரலை வைத்து, “இங்கன என்ன போட்டிருக்கு?” என்றாள்.

“வருமானம் இல்லை” என்று வாசித்தேன்.

அட்வான்ஸாகக் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் அவள் பின்னியது. விரல் நுனியெல்லாம் வெடிமருந்துக் கறுப்பு, எத்தனை சோப்பு போட்டும் போகவில்லை. அவள் ஆலோசகரைப் பார்த்தாள்.

“சும்மா இருக்கவ கையெழுத்து உங்களுக்கு எதுக்கு?”

“அது ரூல்ஸ்மா. நாளைக்கு அவரு கட்டலேன்னா உங்ககிட்ட கேக்கணும்லா.”

அவள் என்னிடமிருந்து பேனாவை வாங்கினாள். அவர் காட்டிய இடத்திலெல்லாம் மெதுவாகத் தன் பெயரை எழுதினாள்.