பெரியசாமி காரின் வெள்ளை விளக்கு

பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் பெரியசாமியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய காரைத் தெரியாதவர்கள் கிடையாது. இருபத்தைந்து வயதான மாருதி எண்ணூறு அது. சைலன்சரில் எங்கோ ஒரு ஓட்டை; நாலு மெக்கானிக்குகள் குனிந்து பார்த்தும் அகப்படவில்லை. கார் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் இருப்பவர்கள் "பெரியசாமி வந்துட்டாரு" என்று சொல்லிவிடுவார்கள். இதைக் கேலி என்று எடுத்துக்கொள்வதா, மரியாதை என்று எடுத்துக்கொள்வதா என்று அவர் யோசித்ததில்லை. காருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது, அது போதும்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. பதினெட்டு வருடம் சுரங்கத்துக்குள் வேலை. சுரங்கத்தை மூடிய பிறகு பதினாறு வருடம் விடிகாலை ரயிலில் பெங்களூருக்குப் போய் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றார். இப்போது அவருக்கு இருக்கும் ஒரே ட்யூட்டி மகள்தான். தென்றல் பூதிகோட்டையில் நர்ஸ். மதியம் பஸ்ஸில் போய்விடுவாள். ஆனால் வேலை முடியும் எட்டு மணிக்கு அங்கிருந்து பஸ் கிடையாது. பெரியசாமி காரை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வருவார். ஆறு வருடத்துக்கு முன் மனைவி இறந்த பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

தென்றலோடு வேலை செய்யும் லவினா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்திருந்தாள். இன்னொரு கட்டில் போட இடம் இருந்தது. "எப்ப வர்றே?" என்று மாதம் ஒருமுறையாவது தென்றலைக் கேட்பாள். தென்றல் அதை அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். பெரியசாமிக்குச் சிரிப்பு வராது. கார் நின்றால் மகள் போய்விடுவாள், பிறகு இந்த வீட்டில் தானும் சுவரும்தான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதனால்தான் டிசம்பர் பனியில் ஒரு மாலை, எருமை ஒன்று காருக்கு முன்னால் கைநீளத் தூரத்தில் முளைத்தபோது அவருக்கு ஈரக்குலை நடுங்கியது. மறுநாள் காலையே ராபர்ட்சன்பேட்டையில் கார் சாமான் கடை வைத்திருக்கும் ரோனியிடம் போய் நின்றார்.

ரோனி முகப்பு விளக்கைத் தட்டிப் பார்த்தான். "உள்ள ரிஃப்ளெக்டர் மங்கிப்போச்சு அங்கிள். அத மாத்தினாலே போதும்" என்றான். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் அவன் வியாபாரி. கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தான். "செனான் பல்பு. போட்டா பகல் மாதிரி இருக்கும். சட்டப்படி போடக் கூடாதுன்றாங்க. ஆனா ஊருல பாதி வண்டில கீது. யாரு கேக்குறாங்க?"

பெரியசாமி சட்டம் என்ற வார்த்தையைக் காதில் வாங்கினார். பகல் என்ற வார்த்தையை மனதில் வாங்கினார். அன்று மதியமே மாட்டியாகிவிட்டது.

சுவிட்சைப் போட்டால் முதலில் நீலமாக ஒரு மினுக்கு. நாலைந்து விநாடியில் வெள்ளை வெளேரென்று சாலை முழுவதும் பரவும். பூதிகோட்டைச் சாலையில் ஓரத்து ஜல்லியைக்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது. பெரியசாமிக்குத் தலைகால் புரியவில்லை. எதிரே வந்தவர்கள் எல்லாம் தங்கள் விளக்கை இரண்டு முறை, மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டார்கள். "பாத்தியாமா, நம்ம லைட்டுக்கு சலாம் வைக்கிறானுங்க" என்று பின்சீட்டைப் பார்த்துச் சொன்னார். நாள் முழுவதும் நின்ற அலுப்பில் தென்றல் பின்சீட்டில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். தினமும் அப்படித்தான்.

ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம், டக்ளஸ் விழுந்தார்.

டக்ளஸ் சுரங்கக் குடியிருப்பில் இரண்டு லைன் தள்ளி இருப்பவர். சுரங்கத்தில் பெரியசாமியோடு ஒரே கேங்கில் இருந்தவர். சுரங்கத்தின் இரும்புக் கூண்டான கேஜில் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறியவர். ஏரி மீன் வாங்கிக்கொண்டு மாலை ஏழரை மணிக்கு பூதிகோட்டைப் பக்கமிருந்து மொபெட்டில் திரும்பியிருக்கிறார். வளைவில் எதிரே வந்த கார் ஒன்று கண்ணில் வெளிச்சத்தை அடித்ததில் மனிதர், மொபெட், மீன் மூன்றும் சாக்கடைக்குள். காறை எலும்பு முறிந்து கட்டுப் போட்டுப் படுத்துவிட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் "எவனோ பெங்களூர் காரு" என்று ஒரே பதில்தான் சொன்னார்.

பெரியசாமி ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். போன இடத்தில் அந்த பெங்களூர்க்காரனை வாயில் வந்தபடி திட்டினார்.

"பதினெட்டு வருஷம் உள்ள இருந்தோமே, ஒருத்தன் மூஞ்சில லைட் அடிச்சிருப்பமா? நான்கூட அன்னிக்கி அந்த வழியாத்தான்டா போனேன். கண்ணுல பட்டிருந்தா அந்த நாய இழுத்துப் போட்டு மிதிச்சிருப்பேன்."

அவர் சொன்னதில் ஒரு பாதி சத்தியம். சுரங்கத்துக்குள் விளக்கு தொப்பியில் இருக்கும். தலை எங்கே திரும்புகிறதோ வெளிச்சம் அங்கே போகும். எதிரே ஒரு ஆள் வந்தால் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். வந்தவரும் திருப்பிக்கொள்வார். இருட்டுக்குப் பழகின கண்ணில் நேராக அடித்தால் அந்த ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. காலடியில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. இதை மறந்து நேராகப் பார்த்துவிடும் புது ஆளுக்கு முதல் ஷிஃப்டிலேயே மண்டையில் ஒரு குட்டு விழும். இரண்டாவது குட்டுக்கு யாரும் இடம் வைத்ததில்லை.

டக்ளஸ் பதில் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி டெய்சி டீ கொண்டுவந்தார். பெரியசாமி குடித்தார். அடுத்த வாரமும் போய் அதே ஆளை இன்னும் காரமாகத் திட்டிவிட்டு வந்தார். வலியில் பேச முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பிப்ரவரியில் காரின் ஆர்.சி. முடிகிற தேதி வந்தது. இவ்வளவு பழைய வண்டியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். முந்தைய முறை பிரேக்கையும் டயரையும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். இந்த முறையும் அப்படித்தான் என்று, காகிதங்களைச் சரிபார்க்க தென்றலையும் கூட்டிக்கொண்டு, கழுவித் துடைத்த காரோடு போய் வரிசையில் நின்றார்.

இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர். விளக்கைப் போடச் சொன்னார். நீலம் மினுக்கி வெள்ளை வந்ததும் கையைக் காட்டி அணைக்கச் சொன்னார். பிறகு கன்னடத்தில், குரலை உயர்த்தாமல், வகுப்பெடுப்பதுபோல் சொன்னார். கம்பெனி எந்த விளக்கோடு வண்டியை அனுப்பியதோ அந்த விளக்குதான் இருக்க வேண்டும். இந்த வண்டியின் ரிஃப்ளெக்டர் பழைய ஹாலஜன் பல்புக்காகச் செய்தது. அதற்குள் செனானை வைத்தால் வெளிச்சம் சாலையில் நிற்காது, எதிரே வருகிறவன் கண் மட்டத்துக்குச் சிதறும். கழற்றிவிட்டு வந்தால்தான் கையெழுத்து.

"எதிர்ல வண்டி வந்தா டிம் பண்றீங்களா, இல்லையா?" என்று கடைசியாகக் கேட்டார்.

பெரியசாமிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடித்தார். "சார், நான் சுரங்கத்துல வேல செஞ்சவன். எதிர்ல ஒரு ஆளு வந்தா என் லைட்டு தானாத் திரும்பும். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் கண்ணுல அடிச்சதில்ல. போயி ஊருல கேளுங்க."

இன்ஸ்பெக்டர் அடுத்த வண்டியைக் கூப்பிட்டார். தென்றல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரில் லைட்டு எப்படித் தானாகத் திரும்பும் என்று அவளுக்கு ஒரு கேள்வி விழுந்தது.

வெளியே வந்ததும் பெரியசாமி ரோனிக்குப் போன் போட்டார். அவன் துளியும் அசரவில்லை. "நாளைக்குக் கொண்டாங்க அங்கிள். பழைய பல்ப போட்டுத் தரேன். காட்டி சைன் வாங்கினதும் திரும்ப செனான் மாட்டிக்கலாம். எல்லாரும் அப்படித்தான்." பெரியசாமியின் முகம் தெளிந்தது. கார் நிற்காது.

அன்று இரவு எட்டு மணிக்கு தென்றல் பின்கதவைத் திறக்காமல் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். "தூங்கலியாமா?" என்றதற்குத் தலையை ஆட்டினாள். ஊரைத் தாண்டியதும் எதிரே ஒரு பைக் வந்தது. அவள் அப்பாவின் கையைப் பார்த்தாள். கை ஸ்டியரிங்கில் அப்படியே இருந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். பெரியசாமி முகத்தை இடப்பக்கம் திருப்பி, நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பைக்கில் வந்தவன் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டபடி ஏதோ கத்திக்கொண்டு கடந்து போனான்.

"இன்னாமா பாக்குற?" என்றார் அவர்.

"நீங்க இன்னாத்துக்குப்பா என்னப் பாக்குறீங்க? ரோட்டப் பாருங்க!"

"ரோட்டத்தான பாக்குறேன்."

அடுத்து ஒரு டெம்போ வந்தது. முகம் திரும்பியது. ஓர் ஆட்டோ வந்தது. முகம் திரும்பியது, மிக மரியாதையாக, ஒரு கேஜ் நிறைய ஆட்களுக்கு வழிவிடுவதுபோல். டிம் சுவிட்சுக்கு விரல் ஒருமுறைகூடப் போகவில்லை. மூன்றாவது முறை தென்றல் அவர் தாடையைக் கையால் பிடித்து முன்பக்கம் திருப்பினாள்.

"அப்பா, லைட்டு கார்ல கீதுப்பா. உங்க தலைல இல்ல."

பெரியசாமி காரை ஓரங்கட்டி நிறுத்தினார். மஞ்சள் விளக்குக் காலத்தில் எத்தனை வருடம் இப்படி ஓட்டியிருப்பார் என்று கணக்கில்லை. அந்த மங்கல் வெளிச்சம் யாரையும் உறுத்தவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை. இப்போது சலாம் என்று நினைத்ததெல்லாம் என்னவென்று புரிந்தது. அதற்கடுத்ததும் உடனே புரிந்துவிட்டது. அந்த வளைவு. அந்த ஏழரை மணி. "வீட்டுக்குப் போலாம்பா, மெதுவாப் போங்க" என்று தென்றல் இரண்டு முறை சொன்ன பிறகுதான் வண்டியை எடுத்தார்.

காலையில் எழுந்ததும் டக்ளஸ் வீட்டுக்குப் போனார். கையில் ரொட்டி இல்லை, பழம் இல்லை. டக்ளஸ் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெரியசாமி உட்காரவில்லை.

"அன்னிக்கி உன் கண்ணுல அடிச்சது என் லைட்டுதான்டா."

"தெரியும்" என்றார் டக்ளஸ்.

"எப்படி?"

"கண்ணுதான்டா போச்சு. காது கேக்குதே. அந்த சைலன்சரு சத்தம் பெங்களூர்ல எவன்கிட்ட கீது?"

"அப்புறம் இன்னாத்துக்கு பெங்களூர் காருன்ன?"

"வேற இன்னா சொல்லச் சொல்ற? பெரியசாமி தள்ளிவுட்டுட்டு நிக்காமப் போய்ட்டான்னு ஊருக்குச் சொல்லவா? நீயே வந்து சொல்லுவன்னு பாத்தேன். நீயும் வந்த. வந்து எவனையோ திட்டிட்டு, டீயும் குடிச்சிட்டுப் போன. ரெண்டு தடவ." டக்ளஸ் தோள் கட்டைத் தொட்டுக் காட்டினார். "எலும்பு சேந்துரும்டா. நீ திட்டிட்டுப் போனதத்தான் என்னால தாங்க முடியல."

பெரியசாமி எளிதில் அழுகிற ஆள் இல்லை. அன்று கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு, நம்புவாரா மாட்டாரா என்று தெரியாமலே, எதிரே ஆள் வந்தால் தன் முகம் திரும்பிக்கொள்வதைச் சொன்னார். நேற்றுவரை தனக்கே அது தெரியாது என்றும் சொன்னார். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் சாக்கு என்று காறித் துப்பியிருப்பார்கள்.

டக்ளஸ் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானும்தான் திருப்பினேன்" என்றார்.

"இன்னாது?"

"லைட்டு வந்துச்சு. மூஞ்சியத் திருப்பினேன். திரும்பிப் பாக்கறதுக்குள்ள சாக்கட."

முதலில் சிரித்தது டக்ளஸ்தான். சிரிப்பில் தோள் வலித்து "அய்யோ" என்றார், மறுபடியும் சிரித்தார். பெரியசாமியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த டெய்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் டக்ளஸ் கட்டுப் போட்ட கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நானா இருந்தேன், சரி. பின்னால கொழந்தய வச்சிக்கினு ஒருத்தன் வந்திருந்தா?"

"இன்னிக்கே கழட்டிடறேன்டா. திரும்பப் போட மாட்டேன். பழைய பல்புதான்."

"லைட்ட கழட்டுவ" என்றார் டக்ளஸ். "கழுத்த?"

பெரியசாமி பின்கழுத்தைத் தடவியபடி வெளியே வந்தார். ரோனி பழைய பல்பை மாட்டினான், இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார், காருக்கு இன்னும் ஐந்து வருடம் கிடைத்தது. அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, மதியம் ட்யூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளிடம், லவினாவின் அறையில் அந்தக் கட்டில் போடும் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா என்று பெரியசாமி கேட்டார்.