என்னை முந்திக்கொண்ட ரேவதி அக்கா

அன்று அந்தப் பெண்களிடம், "எனக்கு அது தெரியாது" என்று நான் சொல்லவில்லை.

கல்லூரி நூலகத்தில், புதிதாக வந்த புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தபோது அத்தான் அழைத்தார். பேச வரவில்லை. போனைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டார். காலை விளையாட்டு வகுப்பின்போது அக்கா மைதானத்தில் மயங்கி விழுந்துவிட்டார், மூளையில் ரத்தக் கசிவு என்கிறார்கள், உடனே வாருங்கள் என்றது அந்தக் குரல். நான் திருவெறும்பூர் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. என் அக்கா ரேவதி அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. வயது முப்பத்து நான்கு.

பிற்பகலில் அவருடைய மாணவிகள் சீருடையோடு அக்கா வீட்டுக்கு வந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள். கூடத்தில் இடமில்லாமல் மாடிப்படிகளில் உட்கார்ந்து அழுதார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதான் பானு அக்காவா?"

"ஆமாம்மா."

"உங்களுக்காகத்தானே எங்க மிஸ் வயசுக்கு வந்துட்டேன்னு பொய் சொன்னாங்க?"

பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் கிள்ளினாள். "ஏய், வாய மூடுடி."

ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயத்தைக் கேட்டவள் போலத் தலையாட்டினேன். உள்ளே சமையலறைக்குப் போனேன். அழுகைக்கு முன்னால் பொறாமை வந்தது. என் வாழ்க்கையில் நடந்த ஒன்று. அதை என் அக்கா என்னிடம் சொல்லாமல் ஒரு வகுப்பு முழுவதற்கும் சொல்லியிருந்தார்.

அக்காவை அறிந்தவர்கள் பலர் அவரைப் பற்றி எழுதுவார்கள். நான் இப்போது தெரிந்துகொண்டதைச் சேர்த்து, ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். பேச்சில் எனக்கு அவர் எப்போதும் "நீ"தான். "அவர்" என்று எழுத வைத்தது அந்த மாணவிகள். அதிலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

எங்களுக்குள் இரண்டரை வயது வித்தியாசம். ஸ்ரீரங்கத்தில் மேலூர் சாலைப் பக்கம் வீடு. ஆறாம் வகுப்பு முடியும்போது நான் வயதுக்கு வந்தேன். ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருந்த அக்கா இன்னும் வரவில்லை. அம்மா என்னைக் குளியலறையில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு முதலில் சொன்னது, "யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"ஏம்மா?"

"பெரியவ சும்மா இருக்கறப்ப சின்னவளுக்குச் சடங்கு சுத்தினா ஊரு என்ன பேசும்? அவளுக்கு ஏதோ குறைன்னு முடிவே பண்ணிடுவாங்க. அவளும் வரட்டும். ரெண்டு பேருக்கும் சேத்து மாமா சீர் செய்யட்டும்."

அக்கா எந்த நாளும் வந்துவிடுவார் என்று அம்மா நினைத்தார். அந்தத் தவறு இரண்டு வருடம் நீண்டது.

உளுந்தங்களி கிண்டினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் "என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள்; ஆகவே எனக்குக் களி இல்லை. துணிகளைக் கொல்லையில் உலர்த்த முடியாது. கட்டிலுக்கு அடியில் கயிறு கட்டி ஈரவாடையோடு உலர்த்தினோம். பள்ளியில் வயிற்றுவலி என்று சொல்ல முடியாது. அக்காவோ மொட்டை வெயிலில் பையன்களோடு சைக்கிளில் கொள்ளிடக் கரைவரை போய் வருவார். அவர் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் மூத்தவர் அவர், பெரியவள் நான். ஆனால் பெரியவளாக இருக்க எனக்கு அனுமதி இல்லை.

ஒருமுறை ஜீயபுரத்திலிருந்து மாமா குடும்பத்தோடு வேனில் வந்தார். அம்மாவின் தம்பி, அங்கே வாழை போட்டிருந்தார். எல்லோருமாகச் சமயபுரம் போவதாகத் திட்டம். எனக்கு அது இரண்டாம் நாள். பானுவுக்குக் காய்ச்சல் என்றார் அம்மா. அத்தை என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

"சில்லுனு இருக்கே அண்ணி? இதுவா காய்ச்சல்?"

தலைவாரிக்கொண்டிருந்த அக்கா சீப்பை எடுக்காமலே சொன்னார்: "காய்ச்சலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல அத்தை. நாளைக்குக் கணக்குப் பரீட்சை. ஒரு வரி படிக்கல. நடிக்கிறா கழுத."

எல்லோரும் சிரித்தார்கள். "படிக்கிற புள்ளைய விடுங்கப்பா" என்று மாமா வேனைக் கிளப்பச் சொன்னார். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். மாலையில் பொரிகடலைப் பொட்டலத்தோடு அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காப்பாத்தினதுக்கு ஒரு தேங்க்ஸ் உண்டா?"

"போடி. எல்லாம் உன்னாலதான். சீக்கிரம் வயசுக்கு வந்து தொலையேன்."

"அதத்தான் அம்மன்கிட்ட கேட்டுட்டு வரேன். அவளும் உன்ன மாதிரியே முறைக்கிறா."

நான் எட்டாம் வகுப்பை முடிக்கும் சமயத்தில் எனக்கு அதிக ரத்தப்போக்கு ஆனது. முகம் வெளுத்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. காலைப் பிரார்த்தனையில் ஒருநாள் விழுந்துவிட்டேன். டாக்டரிடம் காட்டினால் முதலில் கேட்பது அதைத்தான். அங்கே மருந்து கட்டுகிறவர் எங்கள் தெருக்காரர். அம்மா முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொடுத்துப் பார்த்தார். இரண்டாம் முறையும் விழுந்தேன்.

அந்த வார இறுதியில் அக்கா குளியலறையிலிருந்து வந்து, "அம்மா, நான் வயசுக்கு வந்துட்டேன்" என்றார்.

அம்மா குலவையிட்ட சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மறுவாரமே மாமா ஒரு டெம்போ நிறையப் பச்சைத் தென்னோலையும் வாழைத்தாருமாக வந்து குடிசை கட்டினார். அக்காவுக்கு அரக்குப் பட்டு. முன்னால் அவர், பின்னால் நான். அந்த வாரமே நானும் வயதுக்கு வந்ததாக அம்மா சொல்லிக்கொண்டார். "அக்காவப் பாத்து தங்கச்சியும் அவசரப்பட்டுட்டா. மாமனுக்கு ஒரே பந்தல்ல வேலை முடிஞ்சுது" என்று அத்தைமார்கள் சிரித்தார்கள். நான் பட்ட இரண்டு வருடத்தை எடுத்து யாரோ அக்கா தலையில் பூவாகச் சூட்டிவிட்டது போல இருந்தது. அவர் நல்லெண்ணெய் வழிய வழியக் களியை ரசித்துச் சாப்பிட்டதை நான் மன்னிக்கவே இல்லை.

மறுநாள் என்னை டாக்டரிடம் அழைத்துப்போனார்கள். கடுமையான ரத்தசோகை. மாத்திரை தொடங்கியது. இரண்டு மாதத்தில் மாடி ஏறினேன். இந்த இரண்டு சம்பவங்களையும் நான் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடச் சேர்த்துப் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம், பதினொன்றாம் வகுப்பில் இருந்த அக்கா ஒரு மாலை என் அறைக்கு வந்து நாப்கின் கேட்டார். "உன்னோடது என்ன ஆச்சு?" என்றேன். "குடேன்டி. இதுல நீதானே சீனியர்" என்றார். கேலி செய்கிறார் என்று எண்ணி, ஒன்றை எடுத்து வீசினேன். குனிந்து எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு அதுதான் முதல் முறை என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். பந்தல் இல்லை, குலவை இல்லை. அந்த வீட்டில் அதைச் சொல்லக்கூட அவருக்கு வழியிருக்கவில்லை.

பிறகு அவர் வளர ஆரம்பித்தார். சீக்கிரம் வயதுக்கு வந்த உடம்பு சீக்கிரமே வளர்ச்சியை முடித்துக்கொள்ளும் என்பதைப் பின்னால் புத்தகங்களில் படித்தேன். பன்னிரண்டு வயதில் வகுப்பிலேயே உயரமானவள் நான், பதினான்கில் நின்றுவிட்டேன். அக்கா பதினெட்டு வரை ஏறிக்கொண்டே போனார். பரணில் இருக்கும் பாத்திரத்தை நாற்காலி போடாமல் எடுப்பார். "குட்டச்சி, உனக்கு ஏதாவது வேணுமா மேலேர்ந்து?" என்பார். "நெட்டக்கொக்கு, ஒண்ணும் வேணாம்" என்பேன். இந்தச் சண்டை போன மாதம் வரை நடந்தது.

கல்லூரியில் கைப்பந்து அணிக்குத் தேர்வானபோதுதான் ஒரு லேடி டாக்டர் அவரை முழுதாகப் பரிசோதித்தார். துணைக்குப் போன என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். தைராய்டு சுரப்பது குறைவு, சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கலாம் என்றார்களாம். அதன் பிறகு தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. "முன்னாடியே காட்டியிருந்தா இவ்வளவு அலுப்பு இருந்திருக்காது" என்று மட்டும் அக்கா என்னிடம் சொன்னார். யார் காட்டியிருக்க முடியும்? வயதுக்கு வந்துவிட்ட பெண்ணை ஏன் வரவில்லை என்று யாரும் டாக்டரிடம் காட்டுவதில்லை.

ஆசிரியையானதும் அவர் செய்த முதல் காரியம் உயர வரிசையில் நிறுத்தும் வழக்கத்தை எடுத்தது. அவர் வகுப்பில் மாணவிகள் பெயர் வரிசையில்தான் நிற்பார்கள். குட்டை, நெட்டை, மார்பு வளர்ந்தவள், வளராதவள் என்று அந்த வயதில் ஒருத்தியை ஒருத்தி அளந்துகொள்வது போதும், அதற்குப் பள்ளிக்கூடமும் அளவுகோல் தரவேண்டாம் என்பார். "ஒரே நாள்ல நட்ட வாழ எல்லாம் ஒரே நாள்லயா குலை தள்ளுது? எங்க மாமாவக் கேளுங்கடி" என்று அவர்களிடம் சொல்வாராம். மாதவிலக்கு வராத பெண்ணையும் வந்து அவதிப்படும் பெண்ணையும், அவர்களுடைய அம்மாக்களைக் கூப்பிட்டுப் பேசி, தாமே டாக்டரிடம் அழைத்துப்போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போன் ஓயாது. "உன் பொண்ணுங்களோடயே இரு" என்று நான் பலமுறை கோபித்துக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். வாசல்வரை வந்து, "சாப்பிட்டுட்டு கோவிச்சுக்கோ" என்பார்.

காரியம் முடிந்து வீட்டுக்குத் திரும்பிய பிறகு அம்மாவிடம் கேட்டேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா அன்னிக்குச் சொன்னது பொய்யா?"

"ஆமா."

"உனக்குத் தெரியுமா?"

"அவ துணிய நான்தானே துவைச்சேன். எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏம்மா?"

அம்மா கையிலிருந்த துண்டைத் திரும்பத் திரும்ப நீவினார். "நீ ரெண்டாவது தடவ விழுந்தப்ப அவதான் வந்து சொன்னா. 'இவளுக்கு டாக்டர் வேணும்மா. நான் வந்துட்டேன்னு சொல்லிடு. எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்'னா. நான் சரின்னுட்டேன்." துண்டைக் கீழே வைத்துவிட்டு, "அப்புறம் நான் பாக்கவே இல்ல" என்றார்.

ஆக, அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ஒன்பதாம் வகுப்புக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

அக்கா, உன் பட்டுப்புடவைக்கும் உயரத்துக்கும் பட்ட பொறாமை எப்போதோ தீர்ந்திருக்கும். நல்லவளாக இருப்பதிலும் நீ என்னை முந்திக்கொண்டு, அதையும் எனக்குக் காட்டாமல் வைத்திருந்தாயே, அதுதான் ஆறவில்லை. உன் மாணவிகள்மேலும் எனக்குப் பொறாமைதான். ஆனாலும் உன்னை அவ்வளவு நேரம் பேசவிட்டவர்கள் அவர்கள். நிம்மதியாகப் போய் வா.

அம்மாவிடம் பேசியதற்கு அடுத்த திங்கட்கிழமை, அக்காவின் பொருட்களை எடுத்துக்கொள்ளப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியையிடம் கேட்டுக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்து, "எனக்கு அது தெரியாது. நீங்க சொல்லுங்க" என்றேன். படிக்கட்டில் என்னிடம் கேட்ட பெண் அழத் தொடங்கினாள்.

"சாரிக்கா. மிஸ் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. வாய் தவறிடுச்சு."

"ஏன் சொல்லக் கூடாதாம்?"

அவள் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். அவள் எழுந்து, அக்காவைப் போலவே இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்: "'தெரிஞ்சா என் தங்கச்சி எனக்கு மரியாதை குடுக்க ஆரம்பிச்சுடுவா. அப்புறம் என்கூட யாரு சண்டை போடுறது?'"

வகுப்பு முழுவதும் அழுதுகொண்டே சிரித்தது. மணி அடிக்கும்வரை அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அக்காவின் விசிலையும் இரண்டு ஜோடி ஷூக்களையும் எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தேன்.