தாய்மாமன் பெயர் தெரியாத பத்திரிகை

சாரம் பகுதியில் நான் வேலை பார்க்கும் அச்சுக் கடையில் கல்யாணப் பத்திரிகை அடிப்பதோடு, அதைப் படமாக்கி எங்கள் இணையதளத்தில் ஏற்றி லிங்க்கும் அனுப்புவோம். பத்தாவது முடித்து அச்சு வேலைக்கு வந்தவன் நான். அச்சில் நிறம் போடாத இடம் என்றால் வெள்ளைத் தாள். திரையிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

கடைக்கு எதிர் வீட்டு அக்காவின் மகளுக்குக் கல்யாணம். பெண், மாப்பிள்ளை விவரத்துக்குப் பின்னால் மஞ்சள் பட்டை போட்டேன். அதற்குக் கீழே தாய்மாமன் பெயரைப் பின்னணி ஏதும் வைக்காமல் கறுப்பு எழுத்தில் விட்டேன். என் கம்ப்யூட்டரில் அழகாகத்தான் இருந்தது.

லிங்க் அனுப்பிய மறுநாள் மத்தியானம் அக்கா வந்தார்.

"தம்பி, எங்கண்ணன் பிரான்சுலேர்ந்து கத்துது. எல்லார் பேரும் இருக்குதாம், அது பேரு மட்டும் இல்லியாம். மாமன் வேணாம்னா கல்யாணத்த நீயே நடத்திக்கோன்னுது."

திரையைத் திருப்பிக் காட்டினேன். பெயர் இருந்தது. கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சூடேறியது.

"அவரு சரியா பாத்திருக்க மாட்டாருக்கா" என்றேன்.

அக்கா அங்கேயே நின்று போன் போட்டார். "ஏண்ணே, கண்ணு அவிஞ்சிப் போச்சா ஒனக்கு? கொட்ட எழுத்துல இருக்குது, நானே பாக்கறேன்!"

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம்தான் அதே லிங்க்கை வேறொரு பிரவுசரில் திறந்து பார்த்தேன். பின்னணி இல்லாத இடத்தை அது கறுப்பாகக் காட்டியது. கறுப்பின் மேல் கறுப்பு எழுத்து. மஞ்சள் பட்டைக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

எதிர் வீடு இருபது அடிதான். நான் போகவில்லை. படம் முழுக்க வெள்ளை அடித்து, அதே லிங்க்கில் மாற்றி ஏற்றினேன். "இப்ப ஒரு தடவ பாக்கச் சொல்லுங்கக்கா" என்று மட்டும் செய்தி அனுப்பினேன்.

அண்ணன் பார்த்தார். அவசரப்பட்டுவிட்டேன் என்று தங்கையிடம் அழுதாராம். கல்யாணத்துக்கு வந்தும் சேர்ந்தார்.

மண்டபத்தில் அக்கா என்னை அவரிடம் இழுத்துப் போனார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி. ஒங்க வேலையப் போய்க் கொறை சொல்லிட்டேன். கண் டாக்டருகிட்டகூடப் போனேன். நல்லாத்தான் இருக்குதுன்றாரு. அப்பறம் எப்படித் தெரியாமப் போச்சின்னுதான் தெரியல."

"கோளாறு கண்ணுல இல்லண்ணே, கோவத்துல" என்று அக்கா சிரித்தார்.

நானும் சிரித்தேன். என் கையை அவர் இன்னும் விடவில்லை.