ஏரிக்குப் போட்ட வேலி

அடுகோடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையும் இரண்டு எருமைகளும் இருந்தன. அண்ணன் டெம்போ ஓட்டினார். நான் ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தேன். எருமைகள் முழுக்க அண்ணியின் பொறுப்பு. காலையில் பால் ஊற்றிவிட்டு ஏரிக்குப் போவார். புல் அறுத்துத் தலையில் சுமந்து வருவார். எங்கள் தெருப் பெண்கள் பலரும் அப்படித்தான் போய்வந்தார்கள். மீன் பிடிக்கிறவர்கள் அந்த ஏரியில்தான் வலை போட்டார்கள். கூழைக்கடாப் பறவைகளும் அங்கேதான் இருந்தன. யாருக்கும் யாரும் இடைஞ்சலாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஏரியைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. பறவைகளைக் காப்பாற்றப் போகிறார்களாம். கேட்டில் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் ஒரு போர்டு: புல் அறுக்கக் கூடாது, மாடு மேய்க்கக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது. வாக்கிங் வருகிறவர்களுக்கு மட்டும் கரையில் கல் பதித்துப் பாதை போட்டுக் கொடுத்தார்கள். எங்களிடம் வந்து ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போர்டு வைத்துவிட்டால் எருமைக்குப் பசி நின்றுவிடுமா? அண்ணி வேலி இடுக்கில் நுழைந்து போய்க்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் காலை காவலாளி பிடித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கம்பெனி வாசலுக்கு வந்து சொல்ல, போட்டது போட்டபடி ஓடினேன். கேட்டுக்கு வெளியே, வெயிலில், புல்கட்டுக்குப் பக்கத்தில் அண்ணியைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். வாக்கிங் முடித்துத் திரும்புகிறவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஜீப்பில் வந்திறங்கிய அதிகாரியிடம் நான் கன்னடத்தில் ஆரம்பித்தேன். அவர் தமிழிலேயே பதில் சொன்னார்.

"பறவை கூடு கட்ற எடம்மா இது. நீங்க உள்ள போய் வந்தா அதுங்க பயப்படும்."

"அந்தப் பக்கம் அபார்ட்மெண்ட் கக்கூஸ் தண்ணி பைப்புல வந்து விழுதே சார். அதுக்குப் பயப்படாதா?"

"அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல."

இன்னொரு தடவை பார்த்தால் கேஸ்தான் என்று சொல்லி அனுப்பினார். புல்கட்டைத் தரவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டபோது அண்ணி, "திருடியப் பாக்குற மாதிரி பாத்தாங்க" என்றார். அந்த மாதமே ஒரு எருமையை விற்றோம்.

அடுத்த கோடையில் ஏரி மீன்கள் செத்து மிதந்தன. நாற்றம் எங்கள் தெரு வரைக்கும் வந்தது. அந்த மீனைத் தின்ற பறவைகளும் கரையோரம் விழுந்து கிடந்தன. அப்போது அதே காவலாளி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, சாரு கூப்பிடறாரு. செத்த மீன வாரிப் போட ஆள் வேணும். சேத்துல எறங்க யாரும் வரமாட்டேங்கறாங்க."

"நான் எறங்கினா பறவை பயப்படும்னாரே உங்க சாரு" என்றார் அண்ணி.

எனக்கு வந்த ஆத்திரத்தில், போகவே கூடாது என்றேன். அண்ணி கேட்கவில்லை. தெருப் பெண்களையும் மீன் பிடிக்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு போய் கேட்டில் நின்றார். அதிகாரி மூக்கில் கைக்குட்டையோடு வந்தார்.

"காலைல புல்லுக்குக் கேட்டத் தெறந்து வுடுங்க சார். எறங்கறோம்."

அவர் ஏரியைப் பார்த்தார். "சரி. காலைல மட்டும்."

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

சொன்னார்.

நானும் லீவு போட்டுவிட்டு இறங்கினேன். தொடை வரைக்கும் சேறு. ஒரு நீர்க்காகத்தைத் தூக்கியபோது அதன் கழுத்து துவண்டு என் மணிக்கட்டில் விழுந்தது. அந்தப் பறவைக்காக நான் அழுதேன். அதையும் சொல்ல வேண்டும். பறவை வேண்டாம் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. பெரும்பகுதி வாரி முடித்த பிறகு தொப்பியும் கையுறையுமாகச் சிலர் வந்து கரையில் பாலித்தீன் கவர் பொறுக்கினார்கள். பேப்பரில் அவர்கள் போட்டோதான் வந்தது. ஏரியை மீட்டவர்களாம். அண்ணி கால் முழுக்கப் புண்ணாகி, வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மழைக்காலம் வரை கேட் திறந்தது. பிறகு அந்த அதிகாரிக்கு மாற்றலாகிவிட்டது. புதிதாக வந்தவர், "எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை. கேட் மூடிக்கொண்டது.

அபார்ட்மெண்ட் பைப்பை மட்டும் யாரும் மூடவில்லை. ஆபீஸ் ஆபீஸாக நான் ஏறி இறங்கினேன். போன இடமெல்லாம் வேறொரு ஆபீஸைக் காட்டினார்கள். அந்த அலைச்சலில் வேலைக்கு லேட்டாகப் போகும்போதெல்லாம், பாதி நாள் சம்பளம் பிடித்தம் என்று சூப்பர்வைசர் வேறு கத்துவார்.

தீனிக்கு வழியில்லாமல் மிச்சமிருந்த எருமையையும் விற்றோம்; வாங்கிக்கொண்டவர் வண்டியோடு வந்தபோது அது ஏற மறுத்தது. நாலு பேர் இழுத்தும் அசையவில்லை. அண்ணி வந்து கொம்பைத் தொட்டு ஏதோ சொன்னார்; ஏறிவிட்டது. வண்டி போனதும் துடைப்பத்தை எடுத்துக் கொட்டகையைச் சுத்தமாகக் கூட்டினார். இனி அங்கே கட்டுவதற்கு ஒன்றுமில்லை. நான் துடைப்பத்தைப் பிடுங்கப் போனேன், அவர் விடவில்லை.