ஈரப் பஞ்சு வைத்த பத்துப் பல்

எங்கள் சித்திக்குப் பல் பிடுங்கத் தெரியாது. பிடுங்கிய பல்லை என்ன செய்வது என்றுதான் தெரியும். பல் மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் பதினோரு வருஷமாக அதுதான் வேலை. வேரின் நுனியை வெட்டி, அங்கே தெரியும் ஓட்டையைச் சிமெண்டால் அடைத்து, நீல மையில் ஊறப்போட்டு, பிறகு நெடுக்காக அறுத்துப் பார்ப்பாள். மை உள்ளே போயிருந்தால் சிமெண்ட் ஃபெயில். நானும் ஒன்பதாவதில் ஃபெயில் என்பதால் அந்தச் சிமெண்டுகள் மேல் எனக்குத் தனிப் பாசம்.

புதுசாக ஒரு வெள்ளைத் தூள் சிமெண்ட் வந்தது. இருபது பல் அடைத்தாள். இருபதும் நீலம்.

"சிமெண்ட் நல்ல சிமெண்ட்தான். உங்க கை தளர்ந்துபோச்சும்மா," என்றாராம் பெரிய டாக்டர். "இன்னொரு தடவை பாருங்க. அதுவும் நீலம்னா, பாட்டில் கழுவுற ரூமுக்குப் போயிடுங்க."

அன்றைக்கு ராத்திரி வீட்டில் சித்தி சாப்பிடாமல் தட்டில் கைவைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவளைச் சிரிக்கவைக்க, சித்தப்பா சட்டைப் பையில் நான் போட்டுவைத்திருந்த ஆய்வகக் கடைவாய்ப் பல்கூட உதவவில்லை. கொத்தனாரான சித்தப்பா அதை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"தூளை எதுல குழைக்கிறே?"

"தண்ணியில. பழசைத்தான் கிராம்புத் தைலத்துல குழைப்போம்."

"அடைச்சப்புறம்?"

"பழசுக்குச் செய்யற மாதிரிதான். பஞ்சால ஒத்தி, காத்தடிச்சு, சொட்டு ஈரமில்லாம காயவைப்பேன்."

"அடிப்பாவி! தண்ணியில குழைச்சதுக்குத் தண்ணி காட்ட வேணாமா? நான் பூசின சுவரை இப்படி வெயில்ல காயவிட்டு வெடிப்பு விழுந்தா வீட்டுக்காரன் என்னை விடுவானா?"

"இது பல்லுங்க, மதில் சுவரில்ல!"

சொன்னாளே தவிர, சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் புதிதாக இருபது பல். பத்தை வழக்கம்போல் உலர்த்தினாள். பத்துக்கு ஈரப் பஞ்சு சுற்றி மூடிவைத்தாள். மையில் ஊறியதும் டாக்டரே அறுத்தார். உலர்ந்த பத்தும் நீலம். ஈரப் பத்தில் மை வாசலிலேயே நின்றுவிட்டது, செருப்போடு வந்த விருந்தாளி மாதிரி.

டாக்டர் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாராம்.

"இந்தப் பத்தை யாரும்மா அடைச்சது?"

"அதே தளர்ந்த கைதான் டாக்டர்."

இதைச் சித்தி எங்களுக்கு நாலு தடவை நடித்துக் காட்டினாள். ஒவ்வொரு தடவையும் டாக்டரின் வாய் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. இப்போது ஆய்வகச் சுவரில் அவள் கையெழுத்தில் ஒரு தாள்: 'வெள்ளைச் சிமெண்ட்: ஈரப் பஞ்சு கட்டாயம்.' வருகிற மாணவர்களெல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் பல்லைத் தொடவேண்டும்.

சித்தப்பா இன்னும் அடங்கவில்லை. "உங்க டாக்டருக்கு மேஸ்திரி வேணும்னா சொல்லச் சொல்லு."

"வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க மேஸ்திரி," என்றாள் சித்தி, அவர் தட்டில் இரண்டாவது கரண்டி சோறு வைத்தபடி.